டெல்டாவுக்கு எந்தத் திட்டம் முதலில்: நீருக்கானதா, நிலத்துக்கானதா?

பாமணியாற்றுப் பாசனத்தில் உள்ள ஓர் ஊராட்சியைச் சேர்ந்த விவசாயி ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பக்கத்து நகராட்சியின் மாஸ்டர் பிளான் எல்லையை விரிவாக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. தங்கள் ஊரையும் அதில் சேர்க்கும்படி கிராம சபையில் தீர்மானம் போடுவதா, காவிரி டெல்டா முழுவதற்கும் ஒரு பெருந்திட்டம் வரும்வரை பொறுத்திருப்பதா, அல்லது 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டமே போதும் என்று இருந்துவிடுவதா? மனைப்பிரிவு வரைபடங்கள் வரைந்து பிழைக்கிறவன் என்பதால் என்னிடம் கேட்டார். உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அவர் ஏன் கேட்டார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அவருடைய வயலுக்குக் கீழ்ப்புறம் ஒரு சி வாய்க்கால், அதாவது பாசன வரிசையில் கீழ்நிலைச் சிறு வாய்க்கால், ஓடுகிறது. புல அளவுப் புத்தகத்தில் அதன் அகலம் ஏறத்தாழ நாலு மீட்டர். அதன் கரையில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மனைப்பிரிவு வந்தது. மனைகளுக்குப் போகும் பாதை வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் இரண்டடி விட்டமுள்ள ஒற்றைச் சிமெண்டுக் குழாயைப் போட்டு மேலே கிராவல் அடித்துவிட்டார்கள். கார்த்திகை மழையில் மேல்பக்கத்து வேலிக்கணக்கான (வேலி என்பது டெல்டாவின் பழைய நில அளவு) சம்பாப் பயிர் கழுத்தளவு தண்ணீரில் ஐந்து நாள் நின்றது. ஆறாம் நாள் வடிந்தபோது தூர் அழுகியிருந்தது. அந்த மனைப்பிரிவின் காகிதங்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. சாலையின் அகலம் சரி, பூங்காவுக்கான இடம் சரி, அனுமதி எண் சரி. நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்பட்டிருந்தாலும் அது மனுவில் உள்ள நிலத்தின் நான்கு எல்லைக்குள் தண்ணீர் நிற்குமா என்று பார்க்குமே தவிர, மேலே எத்தனை வேலி நிலத்தின் வடிகால் அந்த ஒரு குழாய்க்குள் நுழைய வேண்டியிருக்கிறது என்று பார்க்காது. மனுவில் அதற்கென்று ஒரு கட்டமே கிடையாது. இத்தகைய வரைபடங்களை நானும் வரைந்திருக்கிறேன் என்பதை மறைக்கவில்லை.

சட்டமுறை நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் என்பது இப்படி மனு மனுவாக, புல எண் புல எண்ணாக இயங்குவது. தமிழ்நாட்டில் அதற்கு அடிப்படை 1971-ஆம் ஆண்டின் நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம். அதற்கு முன் இருந்தது 1920-இன் சென்னை நகரத் திட்டச் சட்டம். 1971 சட்டத்தின்படி ஒரு பகுதியை உள்ளூர்த் திட்டப் பகுதி என்று அறிவித்து, அதற்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாரித்து, ஆட்சேபணை கேட்டு, அரசின் ஒப்புதல் பெற்று நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டால், அதற்குப் பின் அந்தத் திட்டத்துக்கு முரணாக யாரும் நிலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று 47-ஆவது பிரிவு சொல்கிறது. மஞ்சள் என்றால் குடியிருப்பு, பச்சை என்றால் வேளாண்மை. அந்த வண்ணத்தைக் காட்டி மறுக்கவும் முடியும், வழக்குப் போடவும் முடியும்.

உத்திசார் இடத் திட்டமிடல் வேறு வகையைச் சேர்ந்தது. அது ஒரு வட்டாரம் இருபது முப்பது ஆண்டுகளில் எந்தத் திசையில் போக வேண்டும், நகரங்கள் எங்கே வளரலாம், வெள்ளத்துக்கு எங்கே இடம் விட வேண்டும், சாலையும் பாசனமும் எங்கே ஒன்றையொன்று வெட்டுகின்றன என்ற பெரிய தேர்வுகளைச் செய்து, பல துறைகளை ஒரே படத்தின் முன் உட்கார வைக்க முயல்கிறது. அதில் புல எண் இருக்காது. பெரும்பாலும் சட்டக் கட்டும் இருக்காது. ஆனால் வயலில் நின்ற தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே போக வேண்டும் என்ற கேள்வியை இவ்வகைத் திட்டத்திடம்தான் கேட்க முடியும். நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைக் காயலைச் சேரும் வரை எத்தனை நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எல்லைகளைத் தாண்டுகின்றன என்று எண்ணிப் பார்த்தால், எந்த ஒரு முழுமைத் திட்டத்தின் தாளுக்குள்ளும் அந்த ஆறுகள் அடங்காது என்பது விளங்கும். டெல்டாவில் மேலூரின் வடிகால் பல இடங்களில் கீழூரின் பாசனம். ஒரு தாளில் முடிகிற கோடு அடுத்த தாளில் தொடங்க வேண்டும். அதைப் பார்க்க ஆள் வேண்டும்.

இனி மூன்று வழிகளையும் எடுத்துக்கொள்வோம்.

முழுமைத் திட்டத்தில் உடனே சேர்வது முதல் வழி. இதன் பலத்தை அறிய 2016-க்கு முந்தைய நிலையை நினைத்துப் பார்த்தால் போதும். திட்டப் பகுதிக்கு வெளியே ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் நஞ்சையைக் கூறு போட்டு விற்பது சாதாரணமாக நடந்தது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்த பிறகுதான் வேகம் குறைந்தது. 2017-இல் வரன்முறை விதிகள், அதாவது அங்கீகாரமற்ற மனைகளை ஒழுங்குபடுத்தும் விதிகள், வந்தன; 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவானவை வரன்முறைக்கு வழி பெற்றன. திட்டமில்லாப் பகுதிகளிலும் இன்று வேளாண் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அனுமதி வேண்டும். ஆயினும் அங்கே கேள்வி தனித்தனி மனுவாகத்தான் வரும். ஊர் முழுவதற்குமான ஒரு படம் இருக்காது. முழுமைத் திட்டம் அந்தப் படத்தைத் தருகிறது. பச்சை வண்ணம் விழுந்த வயலை மஞ்சளாக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு நடைமுறை, ஓர் அறிவிப்பு, ஓர் ஆணை வேண்டும். அதாவது ஊராருக்குத் தெரியாமல் நடப்பது கடினமாகிறது.

ஆனால் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. வண்ணத்தை மாற்ற ஒரு நடைமுறை உண்டு என்றால், மனு போட்டால் மாற்றலாம் என்றே தரகர்கள் அதைப் படிக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். பக்கத்தில் ஏற்கெனவே வீடுகள் வந்துவிட்டன, பாசனம் சரியாக வரவில்லை, சாலை அருகே இருக்கிறது என்று காரணம் இருக்கும். பத்தாண்டுகளில் அந்த நியாயங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வடிகாலை மூடியிருக்கும். மேலும், முழுமைத் திட்டம் தயாராகும்போது இருக்கிற பயன்பாட்டை அளந்து வண்ணமிடும் வேலையே பெரும்பகுதி நேரத்தைத் தின்றுவிடுகிறது. நாளை எப்படி இருக்க வேண்டும் என்ற யோசனைக்கு மிஞ்சுவது சில வாரங்கள்தான். பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கிய தனியார் நிலத்தைக் கையகப்படுத்த மூன்றாண்டுக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டால் ஒதுக்கீடு நீங்கிவிடும் என்ற 38-ஆவது பிரிவைக் காட்டி நீதிமன்றத்தில் நிலத்தை மீட்டவர்கள் பலர். வெள்ளத்துக்கென்று விட்ட இடமும் அந்தக் கதிக்கு ஆளாகலாம். எல்லாவற்றையும் விட, அந்தச் சி வாய்க்கால் முழுமைத் திட்ட வரைபடத்தின் அளவுக்கு ஒரு மயிரிழை நீலக் கோடு. சில தாள்களில் அதுவும் இல்லை.

பெருந்திட்டத்துக்காகக் காத்திருப்பது இரண்டாவது வழி. இதைக் கனவு என்று தள்ளிவிட முடியாது. 1971 சட்டத்திலேயே மண்டலத் திட்டத்துக்கு இடம் இருக்கிறது. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த 243 இசட்.டி. பிரிவு, மாவட்டத் திட்டக் குழு தன் வரைவுத் திட்டத்தில் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களைக் கருத வேண்டும் என்று சொல்லி, அவற்றுள் இடத் திட்டமிடலையும் நீரைப் பகிர்வதையும் வெளிப்படையாகப் பெயரிட்டிருக்கிறது. அந்தக் குழுவின் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளால் தம்முள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். வயலையும் மனையையும் ஒரே மேசையில் வைக்க இதைவிடப் பொருத்தமான அமைப்பை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் குழு தரும் வரைவு அரசுக்கு அனுப்பப்படுவது. அதைக் காட்டி ஒரு மனைப்பிரிவு மனுவை மறுக்க முடியாது.

இங்கே வேறு டெல்டாக்களைப் பார்ப்பது பயன் தரும். நெதர்லாந்தில் 1993-லும் 1995-லும் ஆறுகள் பெருகின. 1995-இல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். அதன்பின் கரையை உயர்த்திக்கொண்டே போவதை விட்டு, ஆற்றுக்கு இடம் விடுவது என்ற உத்தியை அந்த நாடு எடுத்தது. 2006-இல் தேசிய அளவில் முடிவான அத்திட்டத்தின்படி நைமேகன் நகருக்கு எதிரே லெண்ட் பகுதியில் ஆற்றின் கரை 350 மீட்டர் உள்ளே தள்ளி வைக்கப்பட்டது. அங்கிருந்த வீடுகள் சில இடிக்கப்பட்டன. ஓவர்டீப் என்ற தாழ்நிலத்தில் வெள்ளம் வரும் என்று தெரிந்ததும், விவசாயிகளே முன்வந்து மண்மேடுகள் எழுப்பி அவற்றின்மேல் பண்ணைகளை மாற்றி அமைக்கும் யோசனையைச் சொன்னார்கள். எட்டுப் பண்ணைகள் அப்படி மேடேறின. நாம் கவனிக்க வேண்டியது, இந்த உத்தி உத்தியாகவே நின்றுவிடவில்லை என்பதை. அந்தந்த நகராட்சியின் சட்டமுறை நிலப் பயன்பாட்டுத் திட்டம் அதற்கேற்ப மாற்றப்பட்டது. மாற்றப்படாவிட்டால் கரை ஒரு அடிகூட நகர்ந்திருக்காது.

வியட்நாமின் மேக்கோங் டெல்டா நமக்கு இன்னும் நெருக்கம். அங்கும் நெல்தான், கடைமடையில் உப்புதான். 2013-இல் டச்சு உதவியோடு அவர்கள் எழுதிய மேக்கோங் டெல்டா திட்டம் வெறும் ஆலோசனை ஆவணம். 2017-இல் அரசு 120-ஆவது தீர்மானத்தின் மூலம் அதன் முக்கியக் கருத்துகளை ஏற்றது. நெல் உற்பத்தியை மட்டுமே குறிவைப்பதை விட்டு, உப்புநீரையும் ஒரு வளமாகப் பார்க்கும் திசை அதில் இருந்தது. அதே ஆண்டு வந்த திட்டமிடல் சட்டத்தின்கீழ், 2022-இல் டெல்டாவுக்கான மண்டலத் திட்டம் ஒப்புதல் பெற்றது. ஆலோசனை சட்டமாக மாற ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஒரு கட்சி ஆளும் நாட்டில் அவ்வளவு என்றால், இங்கே எவ்வளவு ஆகும் என்பதை வாசகர்களே கணக்கிடலாம். காத்திருக்கும் அந்த ஒன்பது ஆண்டுகளில் எத்தனை குழாய்கள் போடப்படும் என்பதுதான் இந்த வழியின் விலை.

இங்கிலாந்தின் அனுபவத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அங்கே 2004 சட்டத்தின்படி வட்டார உத்திகள் சட்ட வலுவோடு இருந்தன. மேலிருந்து வீட்டு எண்ணிக்கையைத் திணிக்கின்றன என்ற கோபத்தில் 2010-க்குப் பின் அவை நீக்கப்பட்டன. பக்கத்துப் பக்கத்து உள்ளாட்சி மன்றங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்ற கடமை மட்டும் மிஞ்சியது. கீழிருந்து ஒப்புதல் பெறாத உத்திக்குச் சட்ட வலு கொடுத்தாலும் அது நிலைக்காது.

மூன்றாவது வழி நம் கையிலேயே இருக்கிறது. 2020 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறிய தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கியது. தனி மாவட்டமாகிவிட்ட மயிலாடுதுறை 2023-இல் திருத்தத்தின் மூலம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. உருக்காலைகள், தோல் பதனிடும் தொழிற்சாலைகள், எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன் துரப்பணம் போன்றவை புதிதாக வருவதை அது தடுக்கிறது. எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் நடந்த போராட்டங்கள் இல்லாமல் இந்தச் சட்டம் வந்திருக்காது. வந்தபின் அது வேலையும் செய்தது. 2023 மார்ச் இறுதியில் மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு, மைக்கேல்பட்டி ஆகிய மூன்று நிலக்கரிப் பகுதிகள் இடம்பெற்றபோது, மாநில அரசின் மறுப்புக் கடிதத்துக்கு இந்தச் சட்டம் பிடிமானமாக இருந்தது. சில நாள்களிலேயே மூன்றும் நீக்கப்பட்டன. ஆனால் மைக்கேல்பட்டி கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அரியலூர் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இல்லை. அங்கே தப்பித்தது எதிர்ப்பால், சட்டத்தால் அன்று.

இதற்கு முன் நடந்த ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் பெட்ரோலிய ரசாயன முதலீட்டு மண்டலம் அமைப்பது என்பதும் ஓர் உத்திசார் திட்டம்தான். 2017-இல் 45 கிராமங்களை அதற்கென்று அறிவித்தபோது பயன்பட்டது இதே நகர் ஊரமைப்புச் சட்டம். 2020-இல் அந்த அறிவிப்பு ரத்தானது. ஆகவே உத்தி என்றாலே டெல்டாவுக்கு நன்மை, சட்டம் என்றாலே காவல் என்று எடுத்துக்கொள்வது பிழை. உத்தி எவருடையது என்பதைப் பொறுத்தே சட்டம் எந்தப் பக்கம் வெட்டும் என்பது தீர்மானமாகிறது.

2020 சட்டத்தின் எல்லை எது என்றால், அது என்ன வரக்கூடாது என்று மட்டும்தான் உறுதியாகச் சொல்கிறது. சாலை, துறைமுகம், குழாய்ப்பாதை, மின்சாரம், குடிநீர் போன்ற கட்டமைப்புகளை அது தடுப்பதில்லை. மனைப்பிரிவும் அதன் தடைப்பட்டியலில் இல்லை. நான்குவழிச் சாலையின் மண்கரை வயல்வெளிக்குக் குறுக்கே எழும்போது எந்த இடத்தில் எத்தனை மதகு வைப்பது என்பது ஓர் உருக்காலையை விட அதிகமான பயிரைக் காப்பாற்றவோ அழிக்கவோ செய்யும். அதைப் பற்றிச் சட்டம் வாய் திறப்பதில்லை. இதோடு, 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்காக நீர்நிலைகள் அடங்கிய அரசு நிலங்களையும் ஒருங்கிணைக்க வழி செய்யும் நில ஒருங்கிணைப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியிருக்கிறது. இரண்டையும் ஒரே டெல்டாவில் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்று சொல்லும் இடத்திட்டம் எதுவும் அந்தச் சட்டங்களுக்குள் இல்லை.

நாகைப் பக்கம் நீர்வளத் துறை ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு வெண்ணாற்று உபவடிநிலத்தில் செய்த பணிகளை இங்கே நினைவுகூரலாம். அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு போன்ற ஆறுகளை வடிநில அளவில் எடுத்து, கரையைப் பலப்படுத்தி, ஒழுங்கிகளைச் சீராக்கிய திட்டம் அது. உத்திசார் பார்வை என்ன செய்யும் என்பதற்கு நல்ல சான்று. ஆனால் தூர்வாரிய ஆற்றில் வந்து விழ வேண்டிய சிறு வடிகாலின் மேல் மனை போடுவதை நிறுத்தும் அதிகாரம் அந்தத் திட்டத்துக்கு இல்லை. அது நகர் ஊரமைப்புத் துறையின் கையில் இருக்கிறது. இரு அலுவலகங்களுக்கும் இடையில் உள்ள தூரம் ஒரு தாலுகா ஆபீசின் இரண்டு மாடிகளைவிட அதிகம் இல்லை. கோப்பு கடக்கும் தூரம் வேறு.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, அந்த விவசாயிக்கு நான் சொல்லும் பதில் இதுதான். காத்திருக்க வேண்டாம், சேருங்கள். 2020 சட்டம் காவலாக இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், ஏனென்றால் உங்கள் பயிரை அழித்தது உருக்காலை இல்லை. எனினும் வெறுங்கையோடு சேர்ந்தால் கிடைப்பது வண்ணத்தாள் ஒன்றுதான். டெல்டாவுக்கான உத்தி மேலிருந்து வரும்வரை, அதன் ஒரு சிறு பகுதியை நீங்களே எழுதி, முழுமைத் திட்டத்தின் கைக்குள் வைத்துவிட வேண்டும். பெரிய ஆவணம் தேவையில்லை. உங்கள் ஊருக்குள் வரும் தண்ணீர் எந்த ஊரிலிருந்து எந்த வாய்க்கால் வழியாக வருகிறது, எந்த வடிகால் வழியாக எந்த ஊருக்குப் போகிறது, ஒவ்வொன்றின் அகலமும் புல அளவுப் புத்தகத்தின்படி எவ்வளவு, இன்று தரையில் எவ்வளவு என்பது மட்டும் போதும். இதை நிலப் பயன்பாட்டு வரைபடத்துக்கு முன்பே தனி நீர்த்தாளாக இணைக்க வேண்டும் என்றும், அந்தத் தாளில் உள்ள கோட்டை எந்த நிலப் பயன்பாட்டு மாற்றமும் குறுக்கக் கூடாது என்றும் தீர்மானத்தில் கேட்கலாம். மேலூரும் கீழூரும் இதே போலத் தீர்மானம் போட்டால் மாவட்டத் திட்டக் குழுவில் வைக்க ஒரு பொருள் கிடைக்கும். அந்தக் குழுவுக்கு அரசியலமைப்பு கொடுத்த வேலையும் அதுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு என்பது தெரியும். பச்சை வண்ணம் விழுந்தால் நிலத்தின் விலை இறங்கும், பெண்ணின் கல்யாணத்துக்கு விற்க முடியாது என்று பக்கத்து வயல்காரர் கேட்பார். அவர் கேட்பதில் தப்பில்லை. பாசனம் வராத ஆண்டுகளில் கடைமடைக்காரனுக்கு நிலம் ஒன்றுதான் சேமிப்பு. அதனால்தான் வயல் முழுவதையும் உறைய வைக்கும் கோரிக்கையை விட, வாய்க்காலையும் அதன் இரு கரையையும் மட்டும் தொடாதே என்ற கோரிக்கை ஊரில் எடுபடும் என்று நினைக்கிறேன். மனை வருவதென்றால் வரட்டும். வாய்க்காலின் முழு அகலத்துக்கும் பாலம் போட்டுவிட்டு வரட்டும்.

மார்ச் 22-ஆம் தேதி நீர் நாளுக்கான கிராம சபை நடக்கும். அதற்குள் இரண்டு பேர் வாய்க்கால் தலைப்பிலிருந்து கடைசி வரை ஒருமுறை நடந்து அளந்துவிட்டால் நல்லது. முதல் வரியில் அந்தச் சி வாய்க்காலின் புல எண்ணை எழுதுங்கள். எதிரே ஒரு பத்தியில் நாலு மீட்டர், அடுத்த பத்தியில் இரண்டடிக் குழாய்.